நேர்கூற்றும் அயற்கூற்றும்

ஆங்கில இலக்கணத்தில் மாணவர் பலரும் அஞ்சும் பகுதிகள் இரண்டு. ஒன்று செய்வினை, செயப்பாட்டுவினை. மற்றொன்று நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுதல். ‘நவ்’ என்பது ‘தென்’ ஆகும், ‘டுடே’ என்பது ‘தட் டே’ ஆகும் என்று பள்ளியில் நானும் பட்டியலை மனப்பாடம் செய்தவன்தான். ஏன் அப்படி ஆகவேண்டும் என்று கேட்டதில்லை. காரணத்தை எனக்குக் கற்பித்தது எங்கள் ஊராகிய மசினகுடியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

ஒருநாள் மாலை வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எங்கள் தெருக் கடையில் நின்று, “நாளைக் காலையில் ஓடைப் பக்கம் மாடு ஓட்டாதீர்கள், குட்டியோடு யானைகள் நிற்கின்றன” என்றார். அதைக் கேட்டவன் என் தம்பி. அன்றிரவு சொல்ல மறந்துவிட்டான். மறுநாள் விடிந்ததும் பாட்டியிடம், “நாளைக் காலையில் ஓடைப் பக்கம் மாடு ஓட்டக் கூடாதாம்” என்றான். “நாளைக்குத்தானே!” என்று பாட்டி அன்றைக்கே மாடுகளை ஓட்டிச் சென்றார். மூங்கில் புதருக்கு அப்பால் பிளிறல் கேட்கவும், மாடுகளை விட்டுவிட்டு ஓடி வந்தார். நல்லவேளை, ஒன்றும் நேரவில்லை. மாடுகளும் பின்னர் தாமே வீடு திரும்பின.

என் தம்பி பொய் சொல்லவில்லை. கேட்ட சொல்லைச் சிறிதும் மாற்றாமல் சொன்னான். மாற்றாமல் சொன்னதே பிழை!

ஆதிப்புள்ளி இடம் பெயர்தல்

அறிவியல் மாணவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஒரு பொருளின் இருப்பிடத்தைச் சொல்ல ஓர் ஆதிப்புள்ளி வேண்டும். ஆதிப்புள்ளியை நகர்த்தினால், பொருள் நகராவிட்டாலும் அதன் ஆயத்தொலைகள் மாறிவிடும். பேச்சுக்கும் ஆதிப்புள்ளி உண்டு. ‘நான்’, ‘இங்கே’, ‘இன்று’ என்ற மூன்றும் பேசுகிறவரிடமிருந்து அளக்கப்படுபவை. அவர் சொல்லை வேறொருவர், வேறோர் இடத்தில், வேறொரு நாளில் எடுத்துச் சொல்லும்போது ஆதிப்புள்ளி சொல்பவரிடம் வந்துவிடுகிறது. ஆகவே, செய்தி மாறாமல் இருக்கவேண்டுமானால் சொற்கள் மாறியே தீரவேண்டும். காவலர் சொன்ன ‘நாளை’, என் தம்பி வாயில் ‘இன்று’ ஆகியிருக்க வேண்டும். பட்டியல் முழுவதற்கும் அடிப்படை இவ்வளவே.

தமிழும் ஆங்கிலமும்

“நான் நாளை இங்கே வருவேன்” என்று ஒருவன் சொன்னான். தமிழில் இதன் அயற்கூற்று, ‘தான் மறுநாள் அங்கே வருவதாக அவன் சொன்னான்’ என்பது. நான், தான் ஆயிற்று. நாளை, மறுநாள் ஆயிற்று. இங்கே, அங்கே ஆயிற்று. ஆனால் வருவதாகிய செயல் எதிர்காலமாகவே நின்றது.

ஆங்கிலத்திலோ, ‘ஹீ செட் தட் ஹீ வுட் கோ தேர் த நெக்ஸ்ட் டே’ என்கிறோம். இங்கே ‘வில்’ என்பதும் ‘வுட்’ ஆகிவிட்டது. ‘செட்’ என்ற இறந்தகால வினை, தன்னைப் பின்தொடரும் வினையையும் ஒருபடி பின்னுக்கு இழுக்கிறது. ‘யாம்’ என்பது ‘வாஸ்’ ஆகும். ‘ஹேவ் சீன்’ என்பது ‘ஹேட் சீன்’ ஆகும். ‘கேன்’ என்பது ‘குட்’ ஆகும். தமிழில் இந்தப் பழக்கம் இல்லாததால்தான் நாம் ‘ஹீ செட் தட் ஹீ வில் கம்’ என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறோம்.

இவ்விதிக்கு விலக்குகளும் உண்டு. ‘ஹீ சேஸ்’ என நிகழ்காலத்தில் தொடங்கினால் பின்வரும் வினையின் காலம் மாறாது. என்றும் உள்ள உண்மையானாலும் மாறவேண்டியதில்லை. கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது என்று ஆசிரியர் சொன்னார் என்பதில், ‘பாயில்ஸ்’ என்றே எழுதலாம். ‘கடல் மட்டத்தில்’ என்பதை மட்டும் விட்டுவிடலாகாது. 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்!

‘என்று’ தரும் மயக்கம்

தமிழில் ‘என்று’ என்பது எல்லாச் சுமையையும் தாங்கும் சொல். ‘வந்தான் என்று சொன்னார்’, ‘எங்கே போகிறாய் என்று கேட்டார்’, ‘உட்கார் என்று சொன்னார்’ என மூன்றிடத்தும் அதுவே வரும். ஆங்கிலத்தில் ‘தட்’ அப்படியன்று. செய்தி வாக்கியத்துக்கு மட்டுமே அது பொருந்தும். ‘ஹீ ஆஸ்க்ட் தட்’ என்று நாம் எழுதும் பிழை ‘என்று’ செய்யும் வேலை.

வினா வாக்கியமாயின், ‘வேர் ஆர் யூ கோயிங்?’ என்பது ‘ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்’ ஆகும். வினாச்சொல்லே இணைப்புச் சொல்லாகிறது, எழுவாய் வினைக்கு முன்னே வந்துவிடுகிறது, வினாக்குறியும் நீங்குகிறது. ஆம், இல்லை என விடை தரும் வினாவாயின் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ வரும். கட்டளையாயின் ‘டோல்ட் மீ டு சிட்’ என்றும், விலக்காயின் ‘டோல்ட் மீ நாட் டு சிட்’ என்றும் அமையும்.

குறையாமல் சொல்லுதல்

இலக்கணப் பிழை இல்லாமல் மாற்றினாலும் பொருள் சிதைய இடமுண்டு. 2021ஆம் ஆண்டில் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நால்வரின் உயிரைப் பறித்ததாகக் கருதப்பட்ட டி-23 என்னும் புலியை வனத்துறையினர் தேடினார்கள். அப்போது நான் பள்ளி மாணவன். எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில், “சுடச் சொல்லிவிட்டார்களாம்” என்பதே பேச்சு. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பிடிக்கவோ மயக்கமூட்டவோ வேறிடம் கொண்டு செல்லவோ இயலாது என்று தெளிந்த பின்னரே கொல்ல உத்தரவிடலாம் என்கிறது. அந்த நிபந்தனை, வாய்க்கு வாய் போனபோது உதிர்ந்துவிட்டது. அக்டோபர் 15 அன்று புலி மசினகுடி அருகே மயக்க ஊசி செலுத்தப்பட்டு உயிருடனே பிடிக்கப்பட்டது. சுட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்த என் தாத்தா, மறுநாள் செய்தித்தாளைப் படித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். ஆகவே ‘இஃப்’, ‘அன்லெஸ்’ என்னும் சிறு சொற்களை அயற்கூற்றில் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

முடிவாக

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் இறங்கி விடுமுறைக்கு ஊர் போனால், ஆங்கிலத்தில் வந்த வங்கிக் கடிதத்தையோ அரசு அறிவிப்பையோ எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் வருவார்கள். “என்ன தம்பி எழுதியிருக்கிறது?” என்பார்கள். அப்போது நான் சொல்வது முழுவதும் அயற்கூற்றே. ‘இக்கடிதம் கண்ட 15 நாட்களுக்குள்’ என்றிருந்தால், கடிதம் கைக்கு வந்த நாளைக் கேட்டு, எந்தத் தேதி வரை என்று கணக்கிட்டுச் சொல்லவேண்டும். ‘தவறினால்’ என்பதை விட்டுவிட்டால் அவர்கள் நிலமோ நகையோ போகலாம். அவர்களால் மூலத்தைப் பார்த்துச் சரிபார்க்க இயலாது. என் சொல்லை நம்பியே எழுந்து போகிறார்கள்.

நண்பர்களே! தேர்வில் இப்பகுதிக்குக் கிடைப்பவை சில மதிப்பெண்களே. ஆயினும் நம்மில் பலர், படிக்காத பெற்றோருக்கும் படித்தவர் எழுதும் தாளுக்கும் நடுவே நிற்பவர்கள். யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார், எந்த நிபந்தனையோடு சொன்னார் என்ற நான்கு கேள்விகளையும் கேட்டுக்கொண்டு வாக்கியத்தை மாற்றிப் பழகுவோம். தேர்விலும் தவறோம், நம்மை நம்பியவரையும் தவறவிடோம்.