முகவரியில் மாவட்டம் வேண்டாம்

சானமாவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வெப்சைட் வரைவைப் பார்த்தேன். பட்டறை முதலாளிக்குப் பிடித்துவிடும். ஆனால் பெங்களூர் பீன்யாவில் உட்கார்ந்து கியர் வெட்ட ஆள் தேடுகிற பர்ச்சேஸ்காரர் உள்ளே வர வழியில்லை. கியர் ஹாப்பிங், ஒயர் கட், சர்ஃபேஸ் கிரைண்டிங் எல்லாவற்றையும் ‘எங்கள் சேவைகள்’ என்ற ஒரே பக்கத்தில் அடைத்திருக்கிறாய். அவர் கூகுளில் ‘சேவை’ என்று தேடமாட்டார். வேலையின் பெயரையும் ஊரையும்தான் அடிப்பார். வேலைக்கு ஒரு பக்கம் போடு. எந்த மெஷின், எவ்வளவு விட்டம் வரை, எந்த மாட்யூல் வரை, என்ன மெட்டீரியல் என்று போனில் கேட்பதற்கெல்லாம் அங்கேயே பதில் இருக்கட்டும். மெட்டா கீவேர்டு பெட்டியில் சொற்களைத் திணித்திருக்கிறாயே, தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அழித்துவிடு.

எனக்கு உறுத்துவது பக்கங்களின் இணைய முகவரிதான் (URL). மாவட்டம், தாலுகா, ஊர், பிறகு வேலை என்று அடுக்கியிருக்கிறாய். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டறை இருக்கிற ஓசூர் 1965 வரை சேலம் மாவட்டம், அப்புறம் தர்மபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. நகராட்சியாக இருந்தது 2019-ல் மாநகராட்சி ஆனது. ஊர் நகரவே இல்லை. 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது. சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அதைப் பார்த்து அவசரமாக முகவரியைத் திருத்தியவன் கதி என்ன? அரசாங்கம் மாற்றக்கூடிய எதையும் முகவரியில் வைக்காதே. மக்கள் அடிக்கிற எழுத்துக்கூட்டலில் ஊர், பிறகு வேலை, இரண்டு போதும். வருஷமும் வேண்டாம்.

தமிழிலேயே முகவரி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூகுளுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘ஓசூர்’ என்ற ஒரு சொல்லை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பல நேரம் அது சதவீதக் குறியும் எண்ணுமாக 45 எழுத்தாக நீண்டு நிற்கும். அதைப் பார்த்தால் வைரஸ் லிங்க் என்று நினைப்பார்கள். முகவரியை ஆங்கிலச் சின்ன எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இல்லாமல் சிறுகோடு போட்டு வை. தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும். ஒசூர், ஓசூர், ஹோசூர் என்று மூன்று விதமாகவும் அடிக்கிறார்கள். பக்கத்துக்குள் இயல்பாக வருகிற இடத்தில் வந்தால் போதும்.

பட்டறையின் பழைய சைட்டை மூடுவதற்கு முன் அதன் பக்கங்களை ஒரு எக்செல் தாளில் இறக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கு ஈடான புதுப் பக்கத்தை எழுதி, பழையதிலிருந்து அதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 போடு. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. திருப்பிவிட்டதைக் குறைந்தது ஒரு வருஷமாவது எடுக்காதே என்பது கூகுளின் யோசனை. நானாக இருந்தால் எடுக்கவே மாட்டேன். தாள் தயாரானதும் அனுப்பு, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்