விலைபோகாப் பற்று

பொருள் இன்றி உலகியல் நடவாது. ஆடலும் பாடலும் விளையாட்டும்கூடப் பொருளின் துணையால் வளர்வனவே. ஆயினும், பொருளால் அளக்கலாகாதனவும் உலகில் சில உள. ஊரின்மேல் மக்கள் கொள்ளும் பற்று அவற்றுள் ஒன்று. அப்பற்றையும் வாங்கலாம், விற்கலாம், வேண்டும் இடத்திற்குக் கொண்டு செல்லலாம் என எண்ணியவர்க்கு, இங்கிலாந்து நாட்டு ஊரார் சிலர் தக்க விடை அளித்தனர். அவ்விடையை அவர்கள் சொல்லால் மட்டும் அளிக்கவில்லை. பதினெட்டு ஆண்டு உழைப்பால் அளித்தனர்.

இலண்டன் மாநகரின் தென்மேற்குப் பகுதியில் விம்பிள்டன் என்னும் ஊர் உளது. டென்னிஸ் பந்தயத்தால் அதன் பெயரை உலகம் அறியும். அவ்வூருக்குக் காற்பந்துக் கழகம் ஒன்றும் இருந்தது. பள்ளி ஒன்றின் பழைய மாணவர்கள் 1889ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தனர். 1912 முதல் அக்கழகம் 'பிளௌ லேன்' என்னும் இடத்தில் ஆடிவந்தது. அப்பெயருக்கு 'ஏர்த்தெரு' என்பது பொருள்.

அந்நாட்டில் காற்பந்துக் கழகம் என்பது வெறும் ஆட்டக்காரர் கூட்டம் அன்று; ஊரின் பெயரைத் தாங்கும் கொடி ஆகும். பாட்டன் நின்று கண்ட இடத்தில் தந்தை நிற்பார். தந்தை நின்ற இடத்தில் மகன் நிற்பான். கடையில் பண்டம் நன்றாக இல்லையேல் மக்கள் அடுத்த கடைக்குச் செல்வர். தம் கழகம் தோற்றது என்பதற்காக இரசிகர் அடுத்த கழகத்தை நாடுவதில்லை. மழையிலும் குளிரிலும் தோல்வியிலும் உடன் நிற்பவரே மெய்யான இரசிகர் எனப்படுவர். வாடிக்கையாளர்க்கும் இரசிகர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இங்கிலாந்துக் கழகங்கள் ஏணிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பிரிவுகளில் ஆடுகின்றன. ஆண்டிறுதியில் சிறந்தன மேலேறும், பின்தங்கியன கீழிறங்கும். விம்பிள்டன் கழகம் நெடுங்காலம் கீழ்ப்படிகளிலேயே இருந்தது. 1977இல் அது நான்காம் பிரிவில் இடம்பெற்றது. ஒன்பதே ஆண்டுகளில், 1986இல், முதற்பிரிவை எட்டியது. 1988 மே 14 அன்று வெம்பிளி அரங்கில் எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டம் நடைபெற்றது. அவ்வாண்டின் முதற்பிரிவு வாகையராகிய லிவர்ப்பூல் அணியே எதிரணி. லாரி சாஞ்செஸ் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். பின்னர் லிவர்ப்பூலுக்கு 'பெனால்டி' உதை கிடைத்தது. விம்பிள்டனின் தலைவரும் கோல் காவலருமாகிய டேவ் பீசண்ட் பாய்ந்து அதனைத் தடுத்தார். ஒன்றுக்குச் சுழியம் என்னும் கணக்கில் சிறிய கழகம் பெரிய கழகத்தை வென்றது.

இவ்வெற்றியின் பின்னரே இடர் தொடங்கிற்று. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த கூட்ட நெரிசலால் 97 பேர் உயிரிழந்தனர். அதன்பின், மேற்பிரிவுக் கழகங்களின் அரங்குகளில் அனைவர்க்கும் இருக்கை அமைத்தல் வேண்டும் என விதி பிறந்தது. நல்ல விதியே அது. ஆனால், சிறிய ஏர்த்தெரு அரங்கை அவ்வாறு மாற்ற இயலாது எனக் கழக நிருவாகிகள் கருதினர். 1991இல் கழகம் சில கல் தொலைவில் உள்ள மற்றொரு கழகத்தின் அரங்கிற்கு ஒண்டுக்குடி சென்றது. 1992இல் பிரீமியர் லீக் தோன்றியது. தொலைக்காட்சி நிறுவனங்கள் தந்த பெரும்பணம் கழகங்களுள் பாய்ந்தது. அரங்குகள் சிறந்தன, பிறநாட்டு வீரர்கள் வந்தனர், ஆட்டத்தின் தரமும் உயர்ந்தது. பணத்தோடு, கழகத்தை முதலீடாகக் கருதும் செல்வரும் உடன் வந்தனர். 1997இல் நார்வே நாட்டு வணிகர் விம்பிள்டன் கழகத்தை வாங்கினர். 1998இல் ஏர்த்தெரு நிலம் பேரங்காடி நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. 2000இல் அணியும் முதற்பிரிவினின்று கீழிறங்கியது.

2001 ஆகஸ்டில், கழகத்தை மில்ட்டன் கீன்சு நகருக்கு மாற்றப்போவதாக உரிமையாளர் அறிவித்தனர். அந்நகரம் 1967இல் திட்டமிடப்பெற்ற புதுநகரம். விம்பிள்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆண்டுதோறும் நட்டம் பெருகுகின்றது, சொந்த அரங்கு இல்லை, அங்குச் சென்றால் புதிய அரங்கு கிட்டும் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். அவற்றைப் பொய் என்று தள்ளுதல் இயலாது. ஆயினும், ஊரை விட்டபின் ஊர்க்கழகம் எவ்வாறு ஊர்க்கழகம் ஆகும்? இக்கேள்வியை எழுப்பி இரசிகர்கள் கிளர்ந்தெழுந்தனர். வழக்கு மூவர் குழுவிடம் சென்றது. 2002 மே 28 அன்று, இருவர் ஒருபாலும் ஒருவர் மறுபாலுமாக நின்று, இடமாற்றத்திற்குக் குழு இசைவளித்தது. இரசிகர்கள் புதிய கழகம் ஒன்றைத் தொடங்குவது காற்பந்தின் பொதுநலத்திற்கு உகந்ததன்று என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

பொதுவாக இத்தகைய தீர்ப்பின்பின் மக்கள் சினந்து, சோர்ந்து, மறந்துவிடுவர். விம்பிள்டன் இரசிகர்கள் அவ்வாறு செய்திலர். சில நாள்களில் அவர்கள் ஊர்ப்பொது மன்றத்தில் கூடி, உகந்ததன்று எனப்பட்ட அதனையே செய்யத் துணிந்தனர். 'ஏ.எஃப்.சி. விம்பிள்டன்' என்னும் கழகம் பிறந்தது. அதற்கு வீரர் இல்லை, அரங்கு இல்லை, பொருளும் இல்லை. 2002 ஜூன் 29 அன்று விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர் தேர்வு நடைபெற்றது. ஆட விரும்புவோர் வரலாம் என்ற அறிவிப்பைக் கேட்டு 230 பேர் வந்து குழுமினர். ஜூலை 10 அன்று சட்டன் அணியோடு முதல் ஆட்டம் நிகழ்ந்தது. நான்கு கோல்கள் வாங்கிப் புதிய கழகம் தோற்றது. ஆயினும், ஆட்டத்தைக் காண 4,657 பேர் திரண்டிருந்தனர். வந்தவர்க்கு அத்தோல்வி பெரிதாகத் தோன்றவில்லை. ஆதரிக்கத் தமக்கெனக் கழகம் ஒன்று இருந்ததே பெரிதாயிற்று.

புதிய கழகம் ஏணியின் ஒன்பதாம் படியில் ஆடத் தொடங்கியது. அப்படியில் சில நூறு பேர் வருவதே அரிது; இக்கழகத்தின் ஆட்டங்களுக்கோ சராசரியாக 3,000 பேர் வந்தனர். இடம்பெயரக் காத்திருந்த பழைய கழகத்தின் இருக்கைகள் வெறிச்சோடின. விற்கப்பட்டது எது, விற்கப்படாதது எது என்பதை அவ்வெறும் இருக்கைகள் உரைத்தன. கழகத்தின் பெயரையும் உரிமத்தையும் ஆட்டக்காரர் ஒப்பந்தங்களையும் உரிமையாளர் கொண்டு செல்லலாம். இரசிகர் நெஞ்சத்தை மூட்டை கட்டிக் கொண்டு செல்லலாகாது.

'டான்ஸ் டிரஸ்ட்' என்னும் இரசிகர் அமைப்பே புதிய கழகத்தின் உரிமையாளர் ஆயிற்று. அதன் உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஒரே வாக்கு. மிகுந்த பொருள் தந்தவர்க்கும் அதுவே, குறைந்த பொருள் தந்தவர்க்கும் அதுவே. நுழைவுச்சீட்டுக் கொடுத்தல், இதழ் விற்றல் முதலிய பணிகளை ஊதியம் பெறாத தொண்டர் பலர் ஆற்றினர். 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை அணி 78 லீக் ஆட்டங்களில் தோல்வி காணாது ஆடியது. ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேலேறி, 2011 மே 21 அன்று மான்செஸ்டர் நகரில் லூட்டன் அணியைப் பெனால்டி உதைகளில் வென்று, நான்காம் பிரிவை அடைந்தது. 1977இல் பழைய கழகம் நுழைந்த அதே வாயில் அது. 2016இல் மூன்றாம் பிரிவையும் அது எட்டியது.

இனி ஒரு கடமை எஞ்சியிருந்தது. அஃது ஊர் திரும்புதல். பழைய அரங்கு இருந்த இடத்தில் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. அதன் அருகே, அதே ஏர்த்தெருவில், புதிய அரங்கு எழலாயிற்று. வேலை நடைபெறும்போதே பணம் போதாதாயிற்று. அப்போது வந்த சோதனையே மிகப் பெரியது. கழகத்தின் பங்குகளைத் தனிச்செல்வர்க்கு விற்றுக் குறையை நிரப்பலாம் என்னும் எண்ணம் கழகத்துள்ளேயே எழுந்தது. எதனை எதிர்த்துக் கழகம் பிறந்ததோ அதுவே வாயிலில் வந்து நின்றது! இரசிகர் பலர் அதனை ஏற்றிலர். ஆயினும், மறுத்துரைத்தலோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கடன்பத்திரங்கள் வெளியிட்டு, 2020இல் தம்முள் 50 இலட்சம் பவுனுக்கு மேல் திரட்டித் தந்தனர். கழகத்தை ஆளும் உரிமை இரசிகர் கையிலேயே நிலைத்தது.

2020 நவம்பர் 3 அன்று புதிய அரங்கில் முதல் ஆட்டம் நடைபெற்றது. கொரோனா நோயின் காரணமாகப் பார்வையாளர்க்கு அன்று இசைவு இல்லை. இருபத்தொன்பது ஆண்டு காத்திருந்தவர்கள், தாம் கட்டிய அரங்கின் முதல் ஆட்டத்தைத் தத்தம் வீட்டிலிருந்தே கண்டனர். இருப்பினும் அவர்கள் உள்ளம் நிறைந்தது. வித்திட்டவர்க்கு விளைச்சலைக் காணும் நாள் சற்றுத் தாழ்த்தி வரினும் வருத்தம் இல்லை.

மில்ட்டன் கீன்சு மக்கள்மேல் பழி கூறுதல் அறமன்று. தம் நகரத்திற்குக் கழகம் வேண்டும் என விரும்பியது அவர்தம் குற்றமாகாது. இன்று அங்கு வளரும் சிறுவர்க்கு அதுவே ஊர்க்கழகம். 1988ஆம் ஆண்டு வெற்றிக்குரிய சின்னங்களை அக்கழகத்தார் 2007இல் விம்பிள்டன் பகுதி மக்களுக்கே அளித்தமை பாராட்டத் தக்கது. பிழை, ஓர் ஊரின் பற்றை எடுத்து மற்றோர் ஊருக்குத் தரலாம் என எண்ணிய எண்ணத்திலேதான் இருந்தது.

இவ்வுண்மையைப் பிறரும் உணரலாயினர். செருமானிய நாட்டில், கழக உறுப்பினரே பெரும்பான்மை வாக்குரிமை உடையராதல் வேண்டும் என்னும் விதி சில விலக்குகளோடு 1998 முதல் உள்ளது. 2021 ஏப்ரலில் ஐரோப்பியப் பெருங்கழகங்கள் பன்னிரண்டு தமக்கெனத் தனிப்போட்டி வகுத்தபோது, இங்கிலாந்து இரசிகர்கள் தெருவில் இறங்கினர். இரண்டே நாள்களில் அந்நாட்டுக் கழகங்கள் ஆறும் பின்வாங்கின. 2025இல் அந்நாட்டு அரசு, கழகங்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்றைச் சட்டத்தால் நிறுவிற்று. அதன் இசைவின்றிக் கழகங்கள் தம் அரங்கை விற்றலும் இடம்மாறுதலும் கூடா.

பொருளை வெறுத்தலால் விம்பிள்டன் மக்கள் வென்றிலர். அவர்களும் பொருள் ஈட்டினர், கணக்கு எழுதினர், கடன் வாங்கினர். பொருளைத் தலைவனாக்காது பணியாளாக வைத்தலால் வென்றனர். தாம் போற்றும் ஒன்று பறிபோகும்போது கூக்குரலிடுதல் யார்க்கும் எளிது. அதனை மீண்டும் கட்டுதற்குப் பொறுமையும் ஒற்றுமையும் நாள்தோறும் உழைப்பும் வேண்டும். உழைப்போடு கூடிய பற்றே விலைபோகாப் பற்று என மாணவர்கள் உணர்ந்து போற்றுவார்களாக.