தரகர் சங்கத்தில் சேருமுன் கேட்க வேண்டியவை

வீடு, மனைத் தரகுக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்க ஊர்ல ஏஜென்ட் சங்கம் இருக்கு சார், சந்தா கட்டிச் சேரலாமா?" சேருங்கள் என்றுதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. தப்பு செய்த தன் உறுப்பினரைக் கூப்பிட்டு விசாரித்து, தேவைப்பட்டால் வெளியே அனுப்பும் துணிச்சல் அந்தச் சங்கத்துக்கு இருக்க வேண்டும். அது இல்லாத சங்கத்தில் அடையாள அட்டையும் ஆண்டுவிழாப் பொன்னாடையும் கிடைக்கும். தொழிலுக்கு உதவாது.

சட்டம் எதுவரை வருகிறது என்று தெரிந்துகொண்டால் இது புரியும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்றுக் கொடுக்கும் முகவர், தானும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவில்லாத லேஅவுட்டை விற்றுத் தரக் கூடாது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை ஏறலாம். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017 ஜூன் மாதம் வந்தன.

ஆனால் சராசரித் தரகரின் பிழைப்பு புது லேஅவுட்டில் மட்டுமா நடக்கிறது? இருபது வருடப் பழைய வீட்டின் மறுவிற்பனை, வாடகை, லீசு, கிணற்றோடு கூடிய விவசாய நிலம் என்று வேலையின் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. அதில் எதற்கும் ரெரா பதிவு தேவையில்லை. கையில் போன் இருந்தால் யாரும் தரகர். ஏமாந்தவர் நுகர்வோர் ஆணையத்துக்கோ காவல் நிலையத்துக்கோ சிவில் நீதிமன்றத்துக்கோ போகலாம். இரண்டு மாத வாடகைக் கமிஷனுக்காக எத்தனை பேர் போவார்கள்? இந்த இடைவெளியில் ஒழுங்கைக் கொண்டுவரக் கூடியது தொழில் சங்கம் ஒன்றுதான். அதனால்தான் சங்கம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

முதலில் கமிஷன் தகராறு. இந்தத் தொழிலில் நட்பையும் பெயரையும் ஒருசேரக் கெடுப்பது இதுதான். உரிமையாளர் ஒருவரிடம் சொல்வார். அவர் இன்னொருவரிடம் சொல்வார். நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வீடு மூன்று விலையில் சுற்றும். வாங்க வருகிற பார்ட்டி ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வந்து வீட்டைப் பார்ப்பார், புதன்கிழமை கமிஷனைக் குறைத்துக்கொண்ட இன்னொரு தரகரோடு வந்து அட்வான்ஸ் கொடுப்பார். பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் சண்டை. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

ஒரு நல்ல சங்கம் இதற்கு விதி எழுதி வைத்திருக்கும். இடம் காட்டப் போகுமுன் பார்ட்டியின் பெயர், தேதி, சொத்தின் விவரம் எழுதிக் கையெழுத்து வாங்கும் அச்சிட்ட படிவம். அந்தப் படிவத்தின் உரிமை எத்தனை மாதம் செல்லும் என்ற வரையறை. விற்பவர் பக்கத் தரகரும் வாங்குபவர் பக்கத் தரகரும் எப்படிப் பங்கிட்டுக் கொள்வது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் பழக்கம். இதற்கு மேல் ஒரு படி உண்டு, அதைத்தான் பெரும்பாலான சங்கங்கள் செய்வதில்லை: சேரும்போதே ஒவ்வொரு உறுப்பினரிடமும், உறுப்பினர்களுக்கு இடையிலான கமிஷன் தகராறு நடுவர் குழுவுக்குப் போகும் என்று எழுத்து மூலம் ஒப்பந்தம் வாங்குவது. 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டப்படி முறையாக அமைந்த நடுவர் தீர்ப்பை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். கையெழுத்து இல்லாமல் நடக்கும் பஞ்சாயத்துக்கு அந்த பலம் கிடையாது. தோற்றவர் துண்டை உதறிவிட்டுப் போய்விடுவார். ஒப்பந்த வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

அமெரிக்காவில் இதை வெகு காலம் முன்பே செய்தார்கள். 1908-இல் சிகாகோவில் தொடங்கிய தேசியத் தரகர் சங்கம், 1913-இல் நன்னடத்தை விதிகளை எழுதியது. இன்றும் அதன் 17-ஆவது விதி, உறுப்பினர்கள் தங்களுக்குள் வரும் பணத் தகராறுகளை நடுவர் முன் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 'ரியல்டர்' என்ற பட்டம் அங்கே அந்தச் சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது.

அதே சங்கத்திடமிருந்து கற்க வேண்டிய எதிர்ப்பாடமும் உண்டு. விற்பவரின் தரகர், வாங்குபவரின் தரகருக்கும் சேர்த்துக் கமிஷன் அறிவிக்க வேண்டும் என்ற அதன் விதியால் கமிஷன் செயற்கையாக உயர்ந்தே இருந்தது என்று வீடு விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபரில் மிசௌரி மாநிலத்தில் ஜூரி சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சங்கம் சமரசத்துக்கு வந்தது, விதியும் மாறியது. நம் ஊர்களில் தரகர் அலுவலகச் சுவரில் 'சங்க நிர்ணயம் 2 சதவீதம்' என்று பலகை மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பது இந்தியாவிலும் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. சங்கத்தின் பெயரில் செய்தாலும் விலக்கு இல்லை. கமிஷனை நீங்களும் வாடிக்கையாளரும் பேசி முடிவு செய்யுங்கள். பேசியதை எழுத்தில் வைக்கச் சொல்வதோடு சங்கம் நின்றுகொள்ளட்டும்.

அடுத்தது பயிற்சி. வில்லங்கச் சான்றிதழும் பட்டாவும் பார்க்கத் தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் முடிந்துவிட்டது. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். இது தெரியாமல் 'டோக்கன்' என்று ஒரு லட்சத்தைக் கட்டாகக் கைமாற்றிவிடும் தரகர், தன்னை நம்பி வந்த உரிமையாளரைத்தான் மாட்டிவிடுகிறார். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்கு மேல் போனால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கமிஷனுக்கு வரி 18 சதவீதம். அந்த அளவு வருவாய் உள்ள ரியல் எஸ்டேட் முகவர்களை 2020 டிசம்பரிலேயே சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவந்துவிட்டார்கள்: வாடிக்கையாளர் யார் என்று சரிபார்த்து ஆவணம் வைத்திருக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. மகாராஷ்டிராவில் 2023 முதல் முகவர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றே ஆக்கிவிட்டார்கள். இங்கும் அது வரும்வரை காத்திராமல், மாதம் ஒரு ஞாயிறு ஒரு வழக்கறிஞரையோ ஓய்வுபெற்ற சார்பதிவாளரையோ ஆடிட்டரையோ அழைத்துப் பாடம் நடத்தும் சங்கம் எதுவென்று தேடுங்கள்.

சேருமுன் செயலாளரைச் சந்தித்து விதிமுறைப் புத்தகத்தைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. கடந்த ஆண்டு எத்தனை புகார் வந்தது, என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். "புகாரே வரலை தம்பி" என்ற பதிலை நம்பாதீர்கள். தரகர்கள் இருக்கும் ஊரில் புகார் இல்லாமல் இருக்காது, வாங்க ஆளில்லை என்று பொருள். உரிமையாளரிடம் ஒரு விலை, வாங்குபவரிடம் ஒரு விலை சொல்லி நடுவில் மேல் வைத்து விற்பதைப் பற்றி விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். தரகர் யாருக்காக வேலை செய்கிறாரோ அவரிடம் உண்மை விலையை மறைக்கக் கூடாது என்று எழுதத் துணியாத சங்கம், மற்ற விதிகளை எழுதி என்ன பயன்? தணிக்கை செய்த கணக்கையும் கேளுங்கள். தலைவர் எத்தனை ஆண்டாக அதே நாற்காலியில் இருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள்.

வாங்கவும் விற்கவும் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சங்க அட்டையும் ரெரா பதிவும் ஒன்றல்ல. முன்னது தனியார் அமைப்பு தருவது, பின்னது அரசு ஆணையம் தருவது. புதுத் திட்டத்தில் வாங்குகிறீர்களென்றால் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் முகவரின் பதிவையும் திட்டத்தின் பதிவையும் பாருங்கள். பழைய வீடு என்றால் தரகர் எந்தச் சங்கம் என்று கேட்டு, அவர்மீது குறையிருந்தால் வெளியாரின் புகாரை அங்கே வாங்குவார்களா என்று சங்கத்துக்கே போன் செய்து கேளுங்கள்.

உங்கள் ஊரில் சங்கமே இல்லையா? ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு தொடங்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்; கணக்கில் நாணயமான ஏழு பேர் போதும். தலைவர் யார் என்று பேசுமுன் விதிகளை எழுதி முடியுங்கள். இடம் காட்டும் படிவம், பங்கீடு, நடுவர் ஒப்பந்தம், புகார் வாங்கும் முறை, பதவிக்கு இரண்டாண்டு வரம்பு ஆகிய ஐந்தும் அதில் வந்தாக வேண்டும். முதல் புகார் சங்கத்தைத் தொடங்கிய ஏழு பேரில் ஒருவர் மீதே வரக்கூடும். அதை விசாரிக்கும் குழுவில் அவரும் அவருடைய உறவினரும் இருக்கக் கூடாது என்ற வரியையும் அப்போதே சேர்த்துவிடுங்கள்.