கோலார் மின்பாதையும் சூரியப் படகும்
உயர் மின்னழுத்தம் பற்றிய ஒரு பாடம்

மின்சாரத்தை உண்டாக்குவது ஒரு வேலை. அதனை வீண் போகாமல் வேண்டிய இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு வேலை. இவ்விரண்டாவது வேலையை இந்தியாவில் பெரிய அளவில் முதன்முதலாகச் செய்து காட்டிய இடம் கோலார் தங்கவயல். சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியினின்று எடுக்கப்பட்ட மின்சாரம், 1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், சுமார் 147 கிலோமீட்டர் தொலைவைக் கம்பி வழியே கடந்து, தங்கவயலின் சுரங்கங்களை வந்தடைந்தது. மைசூர்ச் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சேஷாத்ரி ஐயரின் ஆட்சிக் காலத்தில் உருவான திட்டம் இது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட உயரழுத்த மின்பாதைகளுள் இதுவும் ஒன்றாகும். அதற்கு முன்னர் சுரங்க இயந்திரங்கள் விறகாலும் நிலக்கரியாலும் எழும் நீராவியைக் கொண்டே இயங்கி வந்தன.

சுரங்கங்களில் பாடுபட்டோருள் பெரும் பகுதியினர் தமிழ் மாவட்டங்களினின்று சென்று குடியேறியவர்கள். அவர்களை ஆழத்திற்கு இறக்கி ஏற்றிய தூக்கு இயந்திரமும், நிலத்தடி நீரை வெளியேற்றிய பம்பும் இப்பாதையின் மின்சாரத்தை நம்பியிருந்தன. தங்கவயலின் சுரங்க வேலை 2001-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும் அந்த மின்பாதை கற்பித்த பாடம் பழமையடையவில்லை. இன்று சூரிய ஒளியால் இயங்கும் பயணிகள் படகில் லித்தியம் மின்கல அடுக்கை அமைப்போரும் அதே விதியைத்தான் பின்பற்றுகின்றனர்.

அழுத்தம் உயர்ந்தால் இழப்புக் குறைவது ஏன்?

மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிவரும் தொகை. ஆகவே ஒரே அளவான திறனை, குறைந்த அழுத்தத்தில் மிகுந்த ஓட்டமாகவும் அனுப்பலாம். உயர்ந்த அழுத்தத்தில் சிறிய ஓட்டமாகவும் அனுப்பலாம். ஆனால் கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன், ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கின்றது. அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் ஓட்டம் பத்தில் ஒரு பங்காகும். அதே கம்பியில் இழப்பு நூற்றில் ஒரு பங்காகும்.

கோலாருக்கு முதலில் அனுப்பப்பட்டது ஏறத்தாழ 4,000 குதிரைத்திறன், அதாவது சுமார் 3,000 கிலோவாட். இதனை 3,000 வோல்ட்டில் அனுப்ப முயன்றிருந்தால், அத்தொலைவிற்கு வேண்டிய செம்பின் விலையே திட்டத்தைக் கைவிடச் செய்திருக்கும். ஆதலின் 30,000 வோல்ட்டும் அதற்கு மேலும் உயர்த்தி அனுப்பினர்.

படகில் அதே கணக்கு

இந்தியாவின் முதல் சூரியப் பயணிகள் படகான ‘ஆதித்யா’, 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில், வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறைக்காகக் கொச்சியைச் சார்ந்த நவால்ட் நிறுவனம் இதனைக் கட்டியது. 75 பயணிகளை ஏற்றும் இந்த இரட்டை உடற்படகின் கூரையில் 20 கிலோவாட் அளவான சூரியத் தகடுகள் உள்ளன. தலா 20 கிலோவாட் திறனுள்ள இரு மோட்டார்கள் படகைச் செலுத்துகின்றன. சுமார் 50 கிலோவாட் மணி ஆற்றலை லித்தியம் மின்கலங்கள் சேமித்து வைக்கின்றன.

இத்தகைய ஒரு படகுக்கு மின்கல அடுக்கைத் திட்டமிடுவதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இங்குத் தரப்படும் எண்கள் பாடத்திற்காக எடுத்துக்கொண்டவை. இரும்புப் பாஸ்பேட்டு வகை லித்தியம் மின்கலம் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.2 வோல்ட்டு. ஒவ்வொன்றும் 130 ஆம்பியர் மணி கொள்ளும் மின்கலங்கள் 120 உள்ளன எனக் கொள்வோம். அவற்றைப் பதினைந்து பதினைந்தாகத் தொடரிணைப்பில் கோத்து, அவ்வாறு அமைந்த எட்டு வரிசைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 48 வோல்ட்டு, 1,040 ஆம்பியர் மணி கிடைக்கும். 120 மின்கலங்களையும் ஒரே தொடராகக் கோத்தால் 384 வோல்ட்டு, 130 ஆம்பியர் மணி கிடைக்கும். இரண்டிலும் சேமிப்பு ஒன்றே: ஏறத்தாழ 50 கிலோவாட் மணி.

மோட்டார்கள் 20 கிலோவாட் வாங்கும் வேளையில் முதல் அமைப்பில் 417 ஆம்பியர் ஓடும். இரண்டாவதில் 52 ஆம்பியரே ஓடும். போய்வரும் கம்பியின் மின்தடை 0.002 ஓம் எனில், முதல் அமைப்பில் சுமார் 347 வாட் வெப்பமாகும். இரண்டாவதில் ஐந்தரை வாட்டுக்கும் குறைவு. இழப்பு 64-இல் ஒரு பங்காகின்றது. கம்பி மெலிகின்றது, எடை குறைகின்றது, இணைப்பு முனைகள் சூடேறுவதும் தணிகின்றது. எடை குறைந்த படகு குறைந்த திறனில் ஓடும். ஏரி நீரில் டீசல் எண்ணெய் கசிவதுமில்லை.

கோலாருக்கும் படகுக்கும் உள்ள வேறுபாடு

இம்மட்டில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கோலார் மின்பாதையில் பழுது பார்க்க வேண்டுமாயின், அதற்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வேலை செய்யலாம். மின்கல அடுக்கை அவ்வாறு நிறுத்த இயலாது. ஆணியைத் திருப்பினாலும், சாவியை எடுத்தாலும், மின்கலத்தின் இரு முனைகளுக்கிடையே அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். மேலும் அதன் மின்னோட்டம் நேர்மின்னோட்டம். மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சுழி நிலையை அடைவதால் அதன் மின்பொறி எளிதில் அணையும். நேர்மின்னோட்டத்தின் பொறி அவ்வாறு அணையாது. ஆகவே வீட்டு மின்சாரத்திற்குரிய சுவிட்சையும் பியூஸையும் இங்குப் பயன்படுத்தலாகாது. நேர்மின்னோட்டத்திற்கும், அடுக்கின் முழு அழுத்தத்திற்கும் என்றே செய்யப்பட்டவை வேண்டும்.

உலர்ந்த இடத்தில் 60 வோல்ட்டு வரையுள்ள நேர்மின்னழுத்தம் ஆபத்துக் குறைந்ததெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஈரமான படகில் அந்த எல்லை இன்னும் தாழும். 384 வோல்ட்டு உயிரைப் போக்க வல்லது. நடு ஏரியில் படகைவிட்டு ஓட இடமில்லை. சுரங்கத்தின் ஆழத்திலும் அங்ஙனமே இல்லை. இத்தகைய இடங்களில் ஒழுங்குமுறையே தொழிலாளியின் உயிர்க்காவல்.

அமைக்கும் முறை

முதலாவதாக, அடுக்கை எட்டுப் பெட்டிகளாகப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் 15 மின்கலங்கள். முழுதும் மின்னேறிய நிலையில் ஒரு மின்கலம் 3.65 வோல்ட்டு காட்டுமாதலின், ஒரு பெட்டியின் உச்ச அழுத்தம் 54.75 வோல்ட்டு. இவ்வாறு பிரிப்பதால் பெட்டிகளைக் கோக்கும்வரை ஆபத்து எல்லைக்குள்ளேயே வேலை செய்யலாம். பெட்டிகளை இணைக்கும் பட்டைகளை இறுதியில், காப்புக் கையுறை அணிந்து, காப்பிட்ட கருவிகளைக் கொண்டு பூட்டுதல் வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றை முன்னரே கழற்றிவிட வேண்டும். பழுது பார்க்கும்போது முதலில் கழற்றப்படுபவையும் இப்பட்டைகளே.

இரண்டாவதாக, ஒவ்வொரு மின்கலத்தின் அழுத்தத்தையும், பெட்டிகளின் வெப்பநிலையையும் இடைவிடாது கவனிக்கும் கண்காணிப்புக் கருவி தேவை. தொடரில் கோத்த மின்கலங்களுள் மெலிந்த ஒன்றே முழு அடுக்கின் எல்லையை வகுக்கின்றது. 119 மின்கலங்கள் நன்னிலையில் இருந்தாலும், ஒன்று 2.5 வோல்ட்டுக்குத் தாழ்ந்தால் மோட்டாருக்குச் செல்லும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், ஒன்று 3.65 வோல்ட்டை மீறினால் மின்னேற்றத்தை நிறுத்த வேண்டும். மொத்த அழுத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இக்குறை புலப்படாது. ஓடும் படகு திடீரென வலுவிழப்பதும் ஆபத்தாதலின், நிறுத்துவதற்கு முன் ஓட்டுநருக்கு எச்சரிக்கை தந்து, திறனைப் படிப்படியாகக் குறைப்பது நன்று.

மூன்றாவதாக, மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவியில் பெரிய மின்தேக்கி உள்ளது. வெறுமையான மின்தேக்கியை 384 வோல்ட்டுடன் நேரே இணைத்தால், கணப்பொழுதில் பேரளவான ஓட்டம் பாய்ந்து தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். எனவே முதலில் 100 ஓம் தடை வழியே மின்னேற்ற வேண்டும். அப்போது தொடக்க ஓட்டம் நான்கு ஆம்பியருக்கும் குறைவு. 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி அரை விநாடியில் ஏறத்தாழ நிறைந்துவிடும். அதன் பின்னரே முதன்மைத் தொடுமுனை மூடப்படும்.

நான்காவதாக, அடுக்கின் எந்த முனையையும் படகின் உடலுடன் இணைத்தல் கூடாது. வேம்பநாட்டு ஏரியைப் போன்று உவர்நீர் கலக்கும் இடங்களில் ஈரமும் உப்பும் காப்பை அரிக்கும். ஒரு முனையில் காப்புக் கெட்டால் உடனே விபத்து நேராது. மறுமுனையிலும் கெட்டால் நேரும். முதற் கசிவையே கண்டு எச்சரிக்கும் காப்பு அளவி இதற்காகப் பொருத்தப்படுகின்றது. அதன் விளக்கு எரியும்போது ‘படகுதான் ஓடுகின்றதே’ என்று விட்டுவிடுதல் பெரும் பிழை.

ஐந்தாவதாக, பியூஸ் மின்கலப் பெட்டிக்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். பெட்டிகள் பயணிகள் இருக்குமிடத்தினின்று தடுக்கப்பட்ட தனியறையில், வெளியே திறக்கும் காற்றுவழியுடன் அமைதல் வேண்டும். இரும்புப் பாஸ்பேட்டு வகை எளிதில் தீப்பற்றாது எனினும், அளவு மீறிச் சூடேறினால் எரியத்தக்க நச்சு வாயுக்களை வெளிவிடும்.

பள்ளியில் செய்து காட்டத்தக்க சோதனை

படகு அடுக்கை மாணவர் தொடலாகாது. ஆனால் அதன் தத்துவத்தை 1.5 வோல்ட்டு டார்ச் மின்கலங்கள் எட்டினைக் கொண்டு விளக்கலாம். தொடரில் கோத்தால் 12 வோல்ட்டு. நான்கு நான்காகக் கோத்து அவ்விரு வரிசைகளைப் பக்கமாக இணைத்தால் 6 வோல்ட்டு. ஒரே வாட் அளவுள்ள 12 வோல்ட்டு பல்பையும் 6 வோல்ட்டு பல்பையும், நீண்ட மெல்லிய கம்பி ஒன்றன் வழியே முறையே எரியச் செய்து, கம்பியின் இரு முனைகளுக்கிடையே அழுத்த வீழ்ச்சியை அளக்க வேண்டும். 12 வோல்ட்டு அமைப்பில் வீழ்ச்சி ஏறத்தாழப் பாதியாக இருக்கும். கம்பியில் வீணாகும் திறன் கால் பங்காகும். சிவசமுத்திரத்தினின்று கோலாருக்கு மின்சாரம் வந்த வழியை மாணவர் இதனால் கண்கூடாக அறிவர்.

களப் பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டுவது இது: உயர் மின்னழுத்தம் கம்பியின் சுமையைக் குறைக்கின்றது, பணியாளரின் பொறுப்பைக் கூட்டுகின்றது. கம்பியில் மிச்சமாகும் செலவின் ஒரு பகுதியை நல்ல பியூஸுக்கும், காப்பு அளவிக்கும், பணியாளர் பயிற்சிக்கும் ஒதுக்கும் படகே நெடுங்காலம் பழுதின்றி ஓடும்.