எல்லாத் திரைக்கும் ஒரே சட்டமா?

கேள்வி: நெய்வேலி அனல்மின் நிலைய கண்ட்ரோல் ரூமில் பல வருடம் டெஸ்க் பார்த்தவன் நான். சிவப்பு விளக்கு எரிந்தால் பம்ப் ஓடுகிறது, பச்சை எரிந்தால் நிற்கிறது. எந்தப் பேனலுக்குப் போனாலும் இதுதான். செல்போனிலோ ஒவ்வொரு ஆப்பும் ஒரு மாதிரி. பழகி முடிப்பதற்குள் அப்டேட் வந்து பட்டன் இடம் மாறிவிடுகிறது. எல்லாத் திரைக்கும் ஒரே தரம் என்று அரசு சட்டம் போடக்கூடாதா?
– ஓய்வுபெற்ற ஊழியர், நெய்வேலி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது ஐயா. ஆனால் நீங்கள் சொன்ன சிவப்பையே எடுத்துக்கொள்வோம். மின்துறையில் சிவப்பு என்றால் பிரேக்கர் குளோஸ் ஆகியிருக்கிறது, மின்சாரம் பாய்கிறது, கை வைக்காதே என்று பொருள். ரசாயன ஆலைகள் பலவற்றில் பச்சை எரிந்தால்தான் பம்ப் ஓடுகிறது. இரண்டுமே பிழையில்லை. உங்களைக் காப்பாற்றியது அந்த நிறமல்ல. ஒரு நிலையத்துக்குள் எல்லாப் பேனலும் ஒரே பேச்சைப் பேசியதுதான்.

கண்ட்ரோல் ரூம் திரைகளுக்காக 2015-ல் வந்த ஐ.எஸ்.ஏ. 101 தரநிலையும் இதே வழியில்தான் போகிறது. இன்ன நிறம்தான் என்று அது எல்லா ஆலைக்கும் கட்டளை போடவில்லை. உங்கள் ஆலைக்கென்று ஒரு விதிநூல் எழுதுங்கள், எல்லாத் திரையிலும் அதையே கடைப்பிடியுங்கள் என்கிறது. கம்ப்யூட்டரிலும் சட்டம் இல்லாமலே பழக்கம் நிலைத்திருக்கிறது: 1987-ல் ஐ.பி.எம். வகுத்த பொது விதிகளில் உதவிக்கு எஃப்1. இன்றும் பல மென்பொருள்களில் அதேதான்.

எனவே தோற்றத்துக்குச் சட்டம் வேண்டாம் என்பதே என் முடிவு. 2006-ல் அப்படி ஒரு சட்டம் வந்திருந்தால் பட்டன் போனுக்குத்தான் வந்திருக்கும். மறு வருடமே ஐபோன் வந்துவிட்டது. ஆனால் தவறினால் காசோ உயிரோ போகும் இடத்தில் கட்டாயத் தரம் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. யு.பி.ஐ.யில் அதைச் செய்திருக்கிறார்கள். கூகுள் பே, போன்பே, பீம் என்று எதைத் திறந்தாலும், பின் எண் அடிக்கும் பக்கம் மட்டும் ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தை ஆப் நிறுவனங்கள் அவரவர் இஷ்டத்துக்கு வரைய முடியாது. தேசிய பணப்பட்டுவாடா கழகம் தருவதைத்தான் வைக்க வேண்டும்.

உங்கள் வட்டத்தில் இருக்கும் மற்ற பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள்: நமக்குப் பணம் வந்து சேர அந்தப் பக்கம் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், பின் அடியுங்கள்" என்று யாராவது போனில் சொன்னால், உடனே வைத்துவிடுங்கள்.