யாரிடம் கேட்பது? எக்செல் உதவியுடன் ஒரு சர்வே

மளிகைக் கடையைக் காலை 6 மணிக்கே திறக்கலாமா, 8 மணிக்குத் திறந்தால் போதுமா? கடை வைத்திருக்கும் நண்பர் உங்களிடம் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 மணி என்றால் கூடுதலாக ஓர் ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். "கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டேன், 8 மணி போதும் என்கிறார்கள்" என்கிறார் அவர். இதில் ஒரு தவறு உள்ளது. 6 மணிக்குப் பால் வேண்டும் என்பவர்கள் ஏற்கனவே வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை!

இதே தவறைப் பெரிய அளவில் செய்தது அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை. 1936ல் அதிபர் தேர்தலுக்கு முன் சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு போன்ற அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்திற்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் ரூஸ்வெல்ட் 60 சதவீதத்திற்கும் அதிகமான வாக்குகளுடன் வென்றார். சுமார் 50 ஆயிரம் பேரிடம் மட்டுமே கேட்ட ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று சரியாகச் சொல்லியிருந்தார்.

காரணம் என்ன? பத்திரிகை முகவரிகளை எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவுப் பட்டியலிலும். அந்த நாளில் இவை வசதி படைத்தவர்களிடமே அதிகம் இருந்தன. மேலும், பெரும்பாலானோர் பதிலே அனுப்பவில்லை. கேலப் எல்லா வகை மக்களும் உரிய அளவில் இடம்பெறும்படி பார்த்துக்கொண்டார். எத்தனை பேரிடம் கேட்கிறோம் என்பதைவிட, யாரிடம் கேட்கிறோம் என்பதே முக்கியம்.

நம் நாட்டில் 1950ல் மகாலனோபிஸ் முயற்சியால் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. 2022-23ல் சுமார் 2.6 லட்சம் குடும்பங்களிடம் வீட்டுச் செலவு பற்றிக் கேட்டார்கள். இத்தகைய ஆய்வுகளை வைத்தே விலைவாசிக் குறியீட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்று முடிவாகிறது.

இனி, நண்பருக்கு உதவுவோம்.

1. வீடுகளைத் தேர்ந்தெடுத்தல்: கடையைச் சுற்றி 300 வீடுகள் உள்ளன என்போம். எக்செல் திறந்து, ஏ1 செல்லில் 'வீட்டு எண்' என்றும், பி1ல் 'குலுக்கல்' என்றும் தலைப்பிடவும். ஏ2 முதல் வீட்டு எண்களை வரிசையாக டைப் செய்திடவும். பின் பி2 செல்லில் கிளிக் செய்து, பார்முலாஸ் டேப்பில் மேத் அண்ட் ட்ரிக் பட்டியலில் ரேண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே தரவும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தில் டபுள் கிளிக் செய்தால், எல்லா வீடுகளுக்கும் ஓர் எண் கிடைக்கும். இனி பி2 செல்லில் மட்டும் மீண்டும் கிளிக் செய்து, டேட்டா டேப்பில், ஏ, இசட் எழுத்துக்களும் கீழ்நோக்கிய அம்புக்குறியும் உள்ள பட்டனைத் தட்டவும். குலுக்கல் எண்கள் மீண்டும் மாறியிருக்கும். கவலை வேண்டாம், வீடுகளின் வரிசை கலைந்துவிட்டது. முதல் 60 வீட்டு எண்களை மட்டும் புதிய ஷீட்டுக்குக் காப்பி செய்திடவும்.

2. கேள்வி: "6 மணிக்குத் திறந்தால் நல்லதுதானே?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "காலையில் எத்தனை மணிக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது?" என்று கேளுங்கள். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மாலையில் மறுபடி போங்கள். பகலில் பூட்டிய வீடுகளில்தான் காலையில் அவசரமாக வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள்.

3. கணக்கு: புதிய ஷீட்டில் வீட்டு எண்ணுக்கு அடுத்து 'வேலைக்குச் செல்வோர்', 'நேரம்' என்ற தலைப்புகளை அமைத்து, பதில்களை (உண்டு, இல்லை, 6 மணி, 8 மணி என) ஒரே மாதிரி டைப் செய்திடவும். இன்செர்ட் டேப்பில் பிவட் டேபிள் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும். வலது பக்கப் பட்டியலில் இருந்து 'வேலைக்குச் செல்வோர்' என்பதை ரோஸ் கட்டத்திற்கும், 'நேரம்' என்பதை காலம்ஸ், வேல்யூஸ் ஆகிய இரண்டு கட்டங்களுக்கும் மவுஸால் இழுத்து விடவும். எந்த வகை வீடுகளுக்கு எந்த நேரம் தேவை என்ற அட்டவணை உடனே கிடைக்கும்.

கூட்டிக் கொடுப்பதோடு கம்ப்யூட்டரின் வேலை முடிந்துவிடும். தவறான ஆட்களிடம் கேட்ட பதிலையும் அது அழகாகவே கூட்டிக் கொடுக்கும். சரியான கதவைத் தட்ட வேண்டியது நாம்தான்.