ஜீப்பின் ஓஸ்களைக் கவனியுங்கள்

தோட்ட வேலைக்குப் பழைய மகிந்திரா ஜீப் வைத்திருக்கும் உழவர் பெருமக்கள் என்ஜின் ஆயிலைப் பார்க்கும் அளவுக்கு ரேடியேட்டர் ஓஸ்களைப் பார்ப்பதில்லை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி வழியில் ஓஸ் வெடித்தால், தண்ணீர் போவதோடு சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிடக்கூடும்.

என்ஜின் நன்கு ஆறிய பின்னரே சோதிக்கவும்; சூட்டில் மூடியைத் திறக்கலாகாது. ஓஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல் இறுகியிருந்தாலும், கொழகொழவென்று அமுங்கினாலும், கிளிப்பருகே உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கீழ் ஓஸைப் பலர் மறந்துவிடுகின்றனர். பம்பு அதன் வழியாகத்தான் நீரை உறிஞ்சுகிறது. நைந்த ஓஸ் வேக ஓட்டத்தில் ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தை அடைத்துவிடும். பழையதில் கம்பிச்சுருள் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும்.

மலைப்பகுதி வண்டிகளில் ஹீட்டர் இருப்பின், அதற்குச் செல்லும் இரு சிறு ஓஸ்களையும் இவ்வாறே பாருங்கள். வழியில் ஒன்று கிழிந்தால், என்ஜினிலுள்ள இரு முனைகளையும் ஒரே ஓஸால் இணைத்து, குறைந்த நீரை நிரப்பி, வீடு வந்து சேரலாம்.

நீரை வடித்த பின், ஒட்டிய ஓஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரிக்கவும். திருகி இழுத்தால் ரேடியேட்டர் கழுத்தின் பற்றாசு விட்டுவிடும். கழுத்தை உப்புத்தாளால் தேய்த்து, கிளிப்பை முன்னதாகவே ஓஸில் மாட்டி, விளிம்பு மேட்டைத் தாண்டிச் செருகி முடுக்குங்கள். வடித்த கூலன்ட் நஞ்சு; மாடோ நாயோ நக்காதபடி அப்புறப்படுத்தவும். உப்பான போர்த் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றி, மூடியின்றி என்ஜினை ஓட்டி, காற்று வெளியேறி மட்டம் இறங்கியதும் நிரப்பவும். ஒரு நாள் ஓடிய பின், ஆறிய நிலையில் கிளிப்புகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள்.